கையும் கருவியும்: தொழில் செய்வோரை நீர்வண்ணத்தில் வரையப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் விலை கொடுத்து வாங்கி ஊருக்கு எடுத்துச் செல்வதற்கென்றே தஞ்சாவூர் ஓவியர்கள் வரைந்த நீர்வண்ணப் படங்கள் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. அவற்றில் மிகுதியானவை தொழில் செய்வோரின் படங்கள். ஒரு தாளுக்கு ஒரு தம்பதி என்பது அவற்றின் வழக்கம். குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும், தட்டாரும் மனைவியும் எனத் தாழ்வான தொடுவானத்துக்கு முன்னால் நிற்பார்கள், கையில் தொழிலுக்குரிய கருவியோ விற்பனைக்குரிய பொருளோ இருக்கும், அடியில் அவர்கள் இன்ன சாதி, இன்ன தொழில் என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் சரபோஜி மன்னர் ஆண்ட காலமும் (1798 முதல் 1832 வரை) இந்த வகை ஓவியம் செழித்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. பின்னர் திருச்சியில் இதே படங்களைக் காக்காப்பொன் தகட்டில் சிறியதாக வரைந்து விற்றார்கள். நிழற்படக் கருவி பரவலான பிறகு இந்த வணிகம் ஓய்ந்தது.

நீர்வண்ணம் கற்க வருபவர்களை நான் முதலில் இந்தப் படங்களைப் பார்க்கச் சொல்வது வழக்கம். இரண்டு அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பிலும் இவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தூரிகையின் நுனியால் ஒரு புடவைக் கரையை எப்படி இழுக்கிறார்கள், மாநிறத் தோளுக்கு எப்படி உருட்சி கொடுக்கிறார்கள், கருவியின் ஒவ்வொரு பாகத்தையும் எவ்வளவு பொறுமையாகக் காட்டுகிறார்கள் என்பதையெல்லாம் அவற்றிலிருந்து கற்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் அவற்றிலிருந்து கற்கக் கூடாது. அந்தப் படங்களில் பெரும்பாலும் யாரும் வேலை செய்துகொண்டிருக்க மாட்டார்கள். பானையைக் கையில் ஏந்தி நிற்பவரை குயவர் என்று பானையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். அவர் விரலை வைத்து அடையாளம் காண முடிவதில்லை. வாங்குபவருக்கு வேண்டியிருந்தது ஓர் அடையாளம், ஓவியர் அதைக் கொடுத்தார், அவ்வளவுதான். நாம் வரையப்போவது வேலையை. ஆகவே கையும் கருவியும் சேரும் இடத்தில் தொடங்கி, அங்கிருந்து உடலுக்கும், உடலிலிருந்து இடத்துக்கும் விரியும் ஒரு முறையை இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டாகக் குயவரின் வேலையை எடுத்துக்கொள்வோம். காரணம் பின்னால் புரியும்.

என்னென்ன வேண்டும்

நீர்வண்ணத் தாள் 300 ஜிஎஸ்எம் கனத்தில், ஏ4 அளவில், சற்றே சொரசொரப்பான பரப்புடன் இருக்கட்டும். பள்ளிக்கூடத்து சார்ட் தாளில் தொடங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு நல்ல தாள் வாங்கலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அந்தத் தாள் இரண்டாம் முறை நனைந்ததும் அப்பளம்போல் வளைந்து, வண்ணம் பள்ளங்களில் தேங்கி, தனக்கு ஓவியம் வராது என்ற முடிவுக்கு ஆளைக் கொண்டுபோய் விட்டுவிடும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வண்ணத்தில் பிடிக்கலாம், தாளில் பிடிக்கக் கூடாது.

வண்ணம் வாங்கும்போது கடைக்காரர் போஸ்டர் கலர் எடுத்துக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் நீரில் கரைவதால் ஒன்றுபோலத் தோன்றும். போஸ்டர் கலர் தாளை மறைக்கும்; நீர்வண்ணத்தின் வழியே தாளின் வெண்மை தெரியும், படத்துக்கு ஒளி அதிலிருந்துதான் வருகிறது. நிறமித் தூளை வேலம்பிசின் இனத்துப் பசையில் குழைத்ததே நீர்வண்ணம். யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரீன் நீலம், லெமன் யெல்லோ, ஒரு கிரிம்சன் சிவப்பு என ஆறு குழாய்கள் போதும். முதல் மூன்றும் காவி மண்ணின் குடும்பம். நம் ஊர்த் தோலும் மண்ணும் வைக்கோலும் கட்டைச் சுவரும் இவற்றிலிருந்தே வந்துவிடும். கறுப்புக் குழாய் பெட்டியோடு வந்தால் அதை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும் அடர்த்தியாகக் கலந்தால் உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும்.

தூரிகையில் உருண்டை வகையில் 8, 4, 1 ஆகிய மூன்று எண்கள் போதும். நீர் வைக்க இரண்டு பாத்திரம் வேண்டும், ஒன்று தூரிகை கழுவ, மற்றொன்று வண்ணம் கரைக்க. அவற்றுடன் பென்சில், மாஸ்கிங் டேப், தாளை ஒட்டிவைக்க ஒரு பலகை, பழைய பருத்தி வேட்டித் துண்டு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துணியைக் கடைசியாகச் சொன்னாலும் அதற்குத்தான் அதிக வேலை இருக்கும். தூரிகையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைக் கண்ணால் அறிவதைவிடத் துணியில் தொட்டு அறிவதே நிச்சயம்.

போவதற்கு முன்

ஒரு குயவர் வீட்டு வாசலுக்கோ, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்கோ, திருபுவனத்துத் தறிக்கோ நேராக ஓவியப் பலகையோடு போய் உட்காராதீர்கள். முதல் நாள் வெறுங்கையோடு போங்கள். இன்னார், இன்ன ஊர், வரையக் கற்றுக்கொள்கிறேன், ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். எந்த நேரத்தில் வந்தால் இடைஞ்சல் இருக்காது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். மார்கழியில் பொங்கல் பானைக்கான வேலை தலைக்குமேல் இருக்கும். அந்த நேரத்தில் பார்ப்பதற்கு நிறைய இருக்கும் என்றாலும் உங்களிடம் பேசுவதற்கு யாருக்கும் நேரமிருக்காது. எங்கே உட்கார வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காய வைத்த பச்சைப் பானைகளுக்கு இடையில் நகரும்போது ஒரு தோள்பை என்ன சேதம் செய்யும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிழற்படம் எடுத்துவந்து வீட்டில் வரையலாமே என்ற கேள்வி எப்போதும் வரும். கருவிகளை நினைவில் வைக்க நாலைந்து படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். கைபேசியை அருகில் வைத்து எடுத்தால் முன்னால் நீண்டிருக்கும் கை தலையைவிடப் பெரிதாகத் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், ஓடும் வேலையில் நிழற்படம் வெட்டியெடுக்கும் நொடி பெரும்பாலும் வேலையின் முக்கியமான நொடியாக இருப்பதில்லை என்பதுதான். பார்க்காமல் வரைவதால் வரும் கேட்டுக்கு என் கதையையே சொல்கிறேன்.

வரையத் தொடங்கிய புதிதில் நடவுப் பெண்களை வரைந்தேன். குனிந்த முதுகுகள், செருகிய புடவை, இடக்கையில் நாற்று, வானம் பிரதிபலிக்கும் சேற்றுநீர் என எல்லாம் இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. அரசலாற்றங்கரையில் உள்ள ஓர் ஊரில், நடவு முடித்துக் கரையேறிய ஒரு வயதான அம்மாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் சிரிக்கத் தொடங்கி, அருகில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "ஏந்தம்பி, நட்டதையெல்லாம் மிதிச்சுக்கிட்டே போறாளுங்களே!" என்றார். நான் பெண்களுக்கு முன்னால் வெறும் சேறு இருக்குமாறும், பின்னால் நட்ட பயிர் இருக்குமாறும் வரைந்திருந்தேன். நடவு நடுபவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள்; நட்ட பயிர் கண்ணுக்கு முன்னால் இருக்கும், நடாத சேறு முதுகுக்குப் பின்னால் இருக்கும். பயிர் வரிசை நேராக இருக்கிறதா என்று நட்டவரே பார்த்துக்கொள்ள முடிவதும் அதனால்தான். டெல்டாவில் பிறந்து வளர்ந்து, பேருந்துச் சன்னலிலிருந்து அந்தக் காட்சியை எத்தனையோ முறை கண்டவன் நான். கண்டதும் கவனித்ததும் வேறு வேறு என்பது அன்று புரிந்தது.

அரை மணி நேரம் பார்த்தல்

ஆகவே முதல் அரை மணி நேரம் பென்சிலைத் தொடாதீர்கள். கைவேலை எதுவாக இருந்தாலும் அதில் ஒரு சுற்று இருக்கும். தொடங்கிய நிலைக்கே உடல் திரும்பத் திரும்ப வரும். குயவர் சக்கரத்தின் விளிம்பில் உள்ள குழியில் கோலை நட்டு வேகமாகச் சுழற்றுகிறார், கோலை ஒதுக்கி வைக்கிறார், நடுவிலுள்ள மண்ணைக் குவிக்கிறார், கட்டைவிரலால் குழிக்கிறார், ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாகச் சுவரை மேலே எழுப்புகிறார், வாய்ப்பகுதியை ஈரத் துணியால் வழிக்கிறார், நூலால் அடியை அறுத்து எடுக்கிறார், அடுத்த பானைக்கு மீண்டும் கோலை எடுக்கிறார். பல வீடுகளில் இப்போது மின்சாரச் சக்கரம் வந்துவிட்டது. அங்கே கோல் இருக்காது, குந்தியிருந்தவர் முக்காலியில் அமர்ந்திருப்பார், ஆகவே முதுகின் வளைவும் மாறியிருக்கும். எது உங்கள் கண்முன் இருக்கிறதோ அதை வரையுங்கள். மின்சாரச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, அழகுக்காகக் கோலைச் சேர்த்து வரைவது அந்த மனிதரின் இன்றைய வாழ்க்கையை அழிப்பதாகும்.

சக்கரத்தோடு வேலை முடிவதில்லை என்பதும் இப்படிப் பார்த்தால்தான் தெரியும். அறுத்தெடுத்த பானையைச் சற்று உலரவிட்டு, உள்ளே உருண்டைக் கல்லைத் தாங்கலாகப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி வயிற்றைப் பெருக்குவார்கள். பானையின் உருட்சி தட்டுவதில்தான் பிறக்கிறது. இந்தத் தட்டும் வேலையை வீட்டுப் பெண்கள் செய்வதையும் பல இடங்களில் பார்க்கலாம். பழைய தஞ்சைப் படங்களில் மனைவி பானையைச் சுமந்துகொண்டு நிற்பார்; இங்கே நீங்கள் அவரை வேலையில் வைத்தே வரையலாம்.

இந்தச் சுற்றில் எந்த நிலை அந்தத் தொழிலுக்கு மட்டுமே உரியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பானையைச் சுமப்பவர் யாராகவும் இருக்கலாம். உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகச் சுவரை எழுப்பும் நிலை குயவருக்கு மட்டுமே உரியது. அந்த நிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

குறிப்பேடு

இப்போது பென்சிலை எடுக்கலாம். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை நான்காகப் பிரித்து, சுற்றின் நான்கு நிலைகளையும் ஒரே நேரத்தில் வரையத் தொடங்குங்கள். கோல் சுழற்றும் நிலை வரும்போது முதல் கட்டத்தில் இரண்டு கோடு, சுவர் எழுப்பும் நிலை வரும்போது மூன்றாம் கட்டத்தில் இரண்டு கோடு, அடுத்த பானைக்கு அவர் திரும்பும்போது மீண்டும் முதல் கட்டம். பத்துப் பானை முடிவதற்குள் நான்கு படமும் நிரம்பிவிடும். யாரையும் அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டியதில்லை. அசையாமல் இருக்கச் சொன்ன கணத்திலேயே கம்பெனிப் படத்தின் ஆள் வந்து நின்றுவிடுவார்.

பிறகு ஒரு முழுப் பக்கத்தைக் கைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். முகத்தை வரையும் ஆசையை அன்றைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கையின் விரல்கள் தெரியாது, மணிக்கட்டு மட்டும் வாய்விளிம்பின் மேல் தெரியும். அந்த மணிக்கட்டின் சாய்வைப் பார்த்தே உள்ளே விரல் எங்கே அழுத்துகிறது என்று ஊகிக்கலாம். வெளிக்கையின் ஆட்காட்டி விரல் மடங்கி, அதன் கணு மண்ணில் படிகிறதா அல்லது விரல்நுனி படிகிறதா? சக்கரம் எந்தப் பக்கம் சுழல்கிறது? ஓர் அம்புக்குறி போட்டுவைத்துக்கொள்ளுங்கள். முழங்கை தொடையில் ஊன்றியிருக்கிறதா? ஊன்றியிருந்தால் அது களைப்பால் அல்ல, கை நடுங்காமல் இருப்பதற்காக. இந்த ஒரு பக்கம் சரியாக அமைந்துவிட்டால் படத்தின் பாதி முடிந்துவிட்டது.

உடலின் அளவுக்கு ஓர் உள்ளூர் வழி இருக்கிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் வடிப்பதற்கு முன், சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதைக் குறிப்பிட்ட இடங்களில் மடித்து, முகம், மார்பு, இடை, முழங்கால் ஆகியவற்றின் அளவுகளை அந்த மடிப்புகளிலிருந்தே எடுப்பார்கள். நீங்களும் கையை நீட்டி, ஓர் ஓலைத் துண்டில் குயவரின் தலையளவை மடித்துக்கொண்டு, அதையே கீழ்நோக்கி வைத்து வைத்து அளக்கலாம். நிற்கும் ஆள் ஏழு முதல் ஏழரைத் தலை உயரம் இருப்பார். குந்தியிருப்பவர் ஏறத்தாழ நான்கு தலைதான். புதியவர்கள் குந்தியிருப்பவரை ஐந்து, ஐந்தரைத் தலைக்கு இழுத்துவிடுவதால்தான் அவர் கண்ணுக்குத் தெரியாத முக்காலியில் அமர்ந்திருப்பதுபோல் தோன்றுகிறார்.

தாளுக்கு மாற்றுதல்

வீட்டுக்கு வந்து, தாளின் நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். பென்சிலை அழுத்தாமல், முதலில் கைகளும் சக்கரமும் எங்கே வரும் என்பதை முடிவுசெய்து, அவற்றைத் தாளின் நடுவுக்குச் சற்றே கீழே வையுங்கள். மற்ற எல்லாம் அதற்கேற்ப அமையட்டும். தலைப்பாகையின் நுனி தாளின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, சக்கரம் வெட்டுப்படக் கூடாது. சக்கரம் நமக்கு நீள்வட்டமாகவே தெரியும். பானையின் வாயும் நீள்வட்டமே, ஆனால் அது கண்மட்டத்துக்கு நெருக்கமாக இருப்பதால் சக்கரத்தைவிட ஒடுங்கியிருக்கும். இரண்டையும் ஒரே அகலத்தில் வரைந்தால் பானை சரிந்து விழுவதுபோல் இருக்கும். அழிப்பானை அதிகம் தேய்த்தால் தாளின் தோல் உரிந்து, அங்கே வண்ணம் கறையாகப் பிடிக்கும். ஆகவே திருத்தங்களைக் குறிப்பேட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வண்ணம் தீட்டுதல்

நீர்வண்ணத்தில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போக வேண்டும். திரும்பி வர வழியில்லை. ஆகவே வண்ணம் தொடுவதற்கு முன்பே, எந்த இடமெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று பென்சிலால் மெல்லக் குறித்துவிடுங்கள். இந்தப் படத்தில் அவை மூன்று: வேட்டியில் வெயில் படும் மடிப்பு, தோளின் மேற்பகுதியில் ஒரு சிறு கீற்று, ஈர மண்ணின் மினுமினுப்பு.

குயவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த மூன்றாவது இடம்தான். ஒரே மண் அவர் முற்றத்தில் மூன்று நிறத்தில் இருக்கும். சக்கரத்தில் உள்ள ஈர மண் கருஞ்சாம்பலாகப் பளபளக்கும். நிழலில் உலரும் பானை வெளிறிய சாம்பலாக, பளபளப்பே இல்லாமல் இருக்கும். சூளையிலிருந்து வந்தது சிவந்திருக்கும், நெருப்புப் புகையிட்ட பக்கம் கறுத்திருக்கும். ஈரத்துக்கும் உலர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதற்கு நீரால் ஆன வண்ணத்தைவிடப் பொருத்தமான ஊடகம் எனக்குத் தெரியவில்லை.

முதல் பூச்சாக, யெல்லோ ஓக்கரில் ஒரு துளியை நிறைய நீரில் கரைத்து, குறித்த வெள்ளை இடங்களைத் தவிர்த்து, தாள் முழுவதும் 8ஆம் எண் தூரிகையால் பரப்புங்கள். இப்படி வண்ணநீரைச் சீராகப் பரப்புவதை ஓவியர்கள் வாஷ் என்பார்கள். பலகையைச் சற்றுச் சாய்வாக வைத்து, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் தேங்கும் நீர்க்கோட்டை அடுத்த இழுப்பு வாங்கிக்கொள்ளுமாறு கொண்டுவர வேண்டும். கடைசியில் தேங்குவதைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சிவிடுங்கள். முற்றத்துப் புழுதியும் வெயிலும் இந்த ஒரு பூச்சில் வந்துவிடும்.

பிறகு காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை மாதம்தான் சொல்லும். சித்திரை வெயிலில் வாஷ் பாதி இறங்குவதற்குள் மேல்பாதி உலர்ந்து கோடு விழுந்துவிடும். அப்போது காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது, அல்லது தாளின் மீது முதலில் வெறும் நீரைத் தடவிக்கொள்ள வேண்டும். ஐப்பசி அடைமழையில் அரை மணி கழித்தும் தாள் குளிர்ந்தே இருக்கும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் அடுத்த வண்ணத்தை வைத்தால் அது காலிஃபிளவர் போலப் பூத்து ஓரம் கட்டிக்கொள்ளும். பொறுமை இல்லாதவர்கள் தலைமுடி உலர்த்தியைப் பயன்படுத்துவதுண்டு, நானும் பயன்படுத்துவேன்.

தோல் நிறத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். குழாயில் தோல்நிறம் என்று விற்கப்படும் இளஞ்சிவப்பு நம் ஊர் ஆட்கள் யாருடைய தோலும் இல்லை. வெயிலில் உழைத்த உடலுக்கு பர்ன்ட் சியன்னாவை அடிப்படையாக வைத்து, அதில் அல்ட்ராமரீனைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடர்த்தியைக் கூட்டுங்கள். கறுப்பைச் சேர்த்தால் தோல் கரி பூசியதுபோல் செத்துப்போகும். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே முதுகின் நிழற்பக்கத்தில் அடர்ந்த கலவையைத் தொட்டுவிட்டால், அது தானே பரவி உருட்சியைக் கொடுக்கும். கருத்த தோளின் மேற்பகுதியில் வானத்தின் வெளிச்சம் விழும்போது அங்கே மெல்லிய நீலம் தெரியும். வெள்ளையாக விட்ட கீற்றில் மிக நீர்த்த அல்ட்ராமரீனை ஒருமுறை இழுத்தால் அது அமையும். தஞ்சை ஓவியர்கள் இந்த உருட்சியை ஈரத்தில் பரவவிடாமல், நுனித் தூரிகையால் நுண்ணிய புள்ளிகளையும் கோடுகளையும் நெருக்கி நெருக்கி வைத்துக் கொண்டுவந்தார்கள். அதை வாய்ப்பிருக்கும்போது ஒரு சிறு கையை மட்டும் வரைந்து பழகிப் பாருங்கள்; கண்ணும் கழுத்தும் வலிக்கும், அவர்களின் மீது மரியாதை கூடும்.

வேட்டிக்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை. தாளே வேட்டி. மடிப்புகளின் நிழலுக்கு அல்ட்ராமரீனோடு பர்ன்ட் சியன்னாவைத் துளி சேர்த்த வெளிறிய சாம்பலை வையுங்கள், முழங்காலுக்குக் கீழே மண் தெறித்த இடத்தில் அம்பரைத் தெளியுங்கள். ஒரு பக்கம்கூட மண் படாத வேட்டியோடு சக்கரத்துக்கு முன்னால் அமர்ந்திருக்கும் குயவரை நான் பார்த்ததில்லை.

அடுத்தது மண். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும் கலந்த அடர் சாம்பலைச் சக்கரத்துப் பானையின் மீது, ஒளிபடும் செங்குத்துக் கீற்றை மட்டும் விட்டுவிட்டுத் தீட்டுங்கள். அந்தக் கீற்றின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், ஈரத்தின் பளபளப்பு என்பது அந்தக் கூர்மைதான். அதே கலவையை நிறைய நீர்விட்டு வெளிறச் செய்து, பின்னால் உலரும் பானைகளுக்கு வையுங்கள். அவற்றில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள ஓரத்தை ஈரத் தூரிகையால் மெழுகிவிடுங்கள். கைவிரல்களின் மீதும் மண்ணின் நிறம் ஏற வேண்டும். விரல் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இடம் ஒன்றிரண்டு இருக்கட்டும். அங்கே கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். நீர்வண்ணம் உலர்ந்ததும் வெளிறும் என்பதால், ஈரத்தில் பார்க்கும்போது சற்று அதிகம் என்று தோன்றும் அடர்த்தியே சரியானது.

கடைசியாக 1ஆம் எண் தூரிகையால் மிக அடர்ந்த கருமையைச் சில இடங்களில் மட்டும் வையுங்கள்: சக்கரத்தின் அடி நிழல், பானை வாயின் உட்புறம், அக்குள், மடக்கிய முழங்காலின் பின்புறம். சுழலும் சக்கரத்தின் விளிம்பை முழுக்கோடாக வரையாமல் இரண்டு மூன்று இடங்களில் உலர்ந்த தூரிகையால் தேய்த்துவிட்டால் சுழற்சி தெரியும். பின்னணியில் தென்னையும் கோபுரமும் சேர்க்கும் ஆசை இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வரும். அங்கே உண்மையில் நின்ற முருங்கை மரமும், சாய்த்து வைத்த சைக்கிளும் அவற்றைவிட மேல்.

முடித்த பிறகு

தாள் நன்றாக உலர்ந்த பின்பே டேப்பை எடுங்கள், அதையும் படத்துக்கு வெளிப்புறமாகச் சாய்த்து மெல்ல உரியுங்கள். பழைய படங்களின் அடியில் சாதிப் பெயர் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. நம் படத்தின் அடியில் அவருடைய பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேட்டு, சம்மதித்தால் பெயர், ஊர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். வேண்டாம் என்றால் ஊரும் தேதியும் போதும். ஒரு வண்ணப் பிரதி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது முறை. கருவியில் ஏதாவது தவறு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவின் ஈரக்காற்றில் தாள் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் அரிக்கும். சட்டம் போடுவதானால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அட்டை வைத்துப் போடச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவரில் மாட்டினால் கிரிம்சன்தான் முதலில் வெளிறும்.

அடுத்தடுத்த படங்களுக்கு ஆண்டின் போக்கையே வழியாகக் கொள்ளலாம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவும், அதைத் தொடர்ந்து புரட்டாசி வரை சம்பா நடவும் கிடைக்கும். பின்னோக்கி நகர்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். தை அறுவடைக்குப் பின் தரிசு வயல்களில் வாத்துக் கூட்டமும் ஆட்டுக்கிடையும் வந்து இறங்கும். மழைக்காலத்தில் வெளியே போக முடியாதபோது நாச்சியார்கோவில் பட்டறையிலோ, நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் இடத்திலோ கூரைக்கடியில் உட்கார்ந்து வரையலாம். கோடையில் வேதாரண்யம், அகத்தியம்பள்ளி உப்பளங்களுக்குப் போவதாக இருந்தால் விடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பிறகு வெள்ளை உப்புக் குவியலின் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. வண்ணம் கரைக்க நல்ல நீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே கிடைப்பது உப்புநீர். ஆனால் பாத்தியின் விளிம்பை வரையும்போது, வாஷ் ஈரமாக இருக்கையில் கீழே கிடக்கும் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் தூவி, உலர்ந்ததும் தட்டிவிட்டுப் பாருங்கள். உப்பு வண்ணநீரை உறிஞ்சிய இடமெல்லாம் வெளிறிய பூக்களாக நிற்கும்.